விரலிடுக்கில் ஒரு பாடம்

ஹிஜ்ரீ 1443, ஷஃபான் மாதம். ஆங்கிலக் கணக்கில் 2022 மார்ச். அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் ஹவ்ளின் கரையில் அமர்ந்திருந்தேன். எங்கள் மோதினார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆகையால் அவரைக் காக்கா என்றுதான் அழைப்பேன். அவரோ, சிறுவனாக நான் அலிஃப், பா ஓதிய காலத்தை அறிந்தவராயிருந்தும், என்னை ஆலிம்சா என்றே அழைப்பார்.

"ஆலிம்சா, ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார். கேளுங்கள் என்றேன். வலக்காலைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் இடையே தோல் வெளுத்து, ஊறி, நடுவில் ஒரு கீறல் போல வெடித்திருந்தது. மழைக்காலத்தில் வயலில் நிற்பவர்களுக்கு வருமே, சேற்றுப்புண் என்போமே, அதுதான். ஐந்து வேளையும் ஹவ்ளின் ஈரத்தில் நிற்பவருக்கு அது வருவதில் வியப்பென்ன?

"மூட்டுவலிக்கு மருந்து தர்ற டாக்டர் இதப் பாத்துட்டு, கால ஈரம் இல்லாம வைக்கணும்னு சொல்லிட்டார். ஒளுச் செஞ்சா விரலுக்கு நடுவுல தண்ணி போகுது. தொடச்சா நன்மை கொறையும்னு நீங்க பயான்ல சொன்ன ஞாபகம். நான் என்ன செய்யட்டும்?"

எவ்வளவு தெளிவான கேள்வி! மருத்துவர் சொன்னதையும் சொன்னார்; மார்க்கம் என்ன சொல்கிறது என்றும் கேட்டார். அன்று நான் அளித்த விடையை இன்றும் ஒரு சொல் பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறேன். "காக்கா, விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுவது ஸுன்னத். ஒளுவின் நீரைத் துடைக்காமல் விடுவதும் ஸுன்னத். ஒளுவின் நீரோடு பாவங்களே உதிர்ந்து போகின்றன. அந்த நீர் உங்களுக்கு நோயைத் தருமா? யோசிக்காமல் செய்யுங்கள்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்திருக்கும். கேட்டவுடன் விடை சொல்ல முடிந்த மகிழ்ச்சி ஆசிரியர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு போதை.

ரமளான் வந்தது. தராவீஹ் தொழுகைக்காக இரவிலும் ஹவ்ளுக்கரை ஈரம் காயவில்லை. காக்கா வழக்கம்போல் ஓடியாடி வேலை செய்தார். காலில் அரிப்பு அதிகமானபோது யாரோ சொன்னார்கள் என்று மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் போட்டார். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டது, சிவப்பும் மறைந்துவிட்டது. "ஒளுத் தண்ணியோட பரக்கத்து" என்று என்னிடமே சொல்லி மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன்.

ஷவ்வால் பிறை பத்து இருக்கும். அன்று ஸுபுஹுக்குப் பாங்கு கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளில் அந்தக் குரல் தவறியதில்லை. தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வீட்டுக்கு வீடு கதவு திறந்து, என்னவாயிற்று என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓடிப் போய்ப் பார்த்தால், காக்கா பள்ளியின் பின்னறையில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். வலக்கால் முழங்கால் வரை வீங்கி, பழுத்த மாம்பழம் போலப் பளபளத்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியே இல்ல ஆலிம்சா" என்றார். அதுதான் பெரிய ஆபத்து என்பது எனக்கு அப்போது தெரியாது.

அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். முதலில் அறுவை மருத்துவர் பார்த்தார். பிறகு தோல் மருத்துவரை அழைத்தார். வந்தவர் ஓர் இளம்பெண். என் மூத்த மகளின் வயதிருக்கும். மற்றவர்கள் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து விரலிடுக்குகளைப் பார்த்தார். பிறகு வேட்டியைச் சற்று விலக்கிப் புறங்காலையும் கெண்டைக்காலையும் பார்த்தார். அங்கே மங்கலான ஒரு படை, ஓரமே தெரியாமல் பரவியிருந்தது. மழுங்கிய கத்தியால் அதன் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் எடுத்தார். அதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரநீர் ஒரு சொட்டு விட்டார். தோலின் செதிலை அது கரைத்துவிடும். பூஞ்சையின் இழையைக் கரைக்காது. சற்று நேரம் கழித்து நுண்ணோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னார். மரத்தின் வேர் போலக் கிளைவிட்டுக் கிளைவிட்டு ஓடும் மெல்லிய நூலிழைகள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தோட்டம் என் நண்பரின் காலில் வளர்ந்திருந்தது.

பிறகு அவர் கேட்டார்: "பெரியவரே, காலை ஈரமில்லாமல் வைக்கும்படி மூட்டு டாக்டர் சீட்டிலேயே எழுதியிருக்கிறாரே. ஏன் கேட்கவில்லை? துடைக்க வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா?"

காக்கா என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "மறந்துட்டேன்மா" என்றார்.

எதிரில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு நொடியை எழுதுவதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

மறுநாள் அந்த மருத்துவரைத் தனியே சந்தித்து, சொன்னவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள், சொல்கிறேன், நீங்கள் சொன்னால் பலர் கேட்பார்களே" என்றார். அன்று அவரிடம் கேட்டதையும், பின்னர் படித்தறிந்ததையும் நம் வீடுகளுக்குப் பயன்படும் அளவில் எழுதுகிறேன்.

தோலில் வரும் இந்தப் படையை நம் முன்னோர் அறியாதவரல்லர். தமிழில் படர்தாமரை என்றும், சேற்றுப்புண் என்றும், தேமல் என்றும் இடத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்பப் பெயர் வைத்தார்கள். அரபு மருத்துவர்கள் உடலில் படர்வதைக் கூபா என்றும், தலையில் வருவதை ஸஃபா என்றும் குறித்தார்கள். இப்னு ஸீனாவின் அல்கானூனிலும் இவ்விரண்டும் பேசப்படுகின்றன. ஆனால் இவற்றுள் பலவற்றை உண்டாக்குவது ஓர் உயிர், அது பூஞ்சை இனம் என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. பாரிஸ் நகரத்து ரேமோன் சபூரோ (1864–1938) இவற்றை வளர்த்து, வகை பிரித்து, 1910இல் பெருநூலாக எழுதினார். பூஞ்சையை வளர்க்க அவர் அமைத்த ஊட்டக் கூழ் இன்றும் அவர் பெயராலேயே ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது.

படர்தாமரைப் பூஞ்சையின் உணவு கெரட்டின். தோலின் மேலடுக்கும் நகமும் முடியும் அந்தப் பொருளால் ஆனவை. உயிரற்ற அந்த மேலடுக்கில் அது மேயும். உள்ளே இறங்குவது அரிது. ஏன்? ஒன்று, நம் உடலின் வெப்பம். 25 முதல் 30 பாகை வரையுள்ள இளஞ்சூட்டில் செழிக்கும் அதற்கு, உள்ளுடலின் 37 பாகை ஒத்துவருவதில்லை. இரண்டு, தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துப் பழையதை உதிர்த்துவிடுகிறது. மூன்றாவதுதான் முக்கியம்: இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள். அந்நியன் வந்ததை அறிந்ததும் அவை திரண்டு வருகின்றன. நாம் காணும் சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் அந்தப் படைகள் எழுப்பும் ஆரவாரமே.

இப்போது காக்காவின் உடலை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் நின்றால் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. பாதங்களுக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. நரம்புகள் மரத்து வலி தெரியாமல் போகிறது. இதற்கு மேல், முடக்குவாதத்துக்காக ஸ்டீராய்டு மாத்திரையும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் உட்கொண்டு வந்தார். முடக்குவாதம் என்பது உடலின் காவற்படை தன் சொந்த மூட்டுகளையே பகையென்று எண்ணித் தாக்கும் நோய். அந்தப் படையை அடக்கத்தான் அம்மருந்துகள். அடக்கப்பட்ட படை மூட்டைத் தாக்காது. ஆனால் வாசலுக்கு வரும் பகைவனையும் முழுவலிமையோடு தடுக்காது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் என்று மருத்துவர் சொல்வது இத்தகையோரைத்தான்.

இத்தகையோர் உடலில் சிறு பூஞ்சையும் மூன்று விதத்தில் பெரிதாகிறது. முதலாவது, பரவுகிறது, அரையணா அளவில் நிற்க வேண்டியது கால் முழுவதும், முதுகு முழுவதும் படர்கிறது. இரண்டாவது, சில வேளை தோலின் ஆழத்துக்கே இறங்கிக் கட்டியாகவும் புண்ணாகவும் ஆகிறது. மூன்றாவது, தான் வெட்டிய வெடிப்பின் வழியே வேறு பகைவரை உள்ளே விடுகிறது. காக்காவுக்கு நேர்ந்தது இந்த மூன்றாவது. விரலிடுக்கில் பூஞ்சை திறந்து வைத்த கீறல் வழியே பாக்டீரியாக் கிருமிகள் நுழைந்து, காலின் தசைக்கு மேலுள்ள திசுவெல்லாம் பரவிவிட்டன. கதவைத் திறந்தவன் ஒருவன், கொள்ளையடித்தவன் வேறொருவன்.

அந்தக் களிம்பு என்ன செய்தது? அதில் பூஞ்சைக்கான மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை. படையின் ஆரவாரத்தை அடக்குகிறது. எனவே அரிப்பு நின்றது, சிவப்பு மறைந்தது, பூஞ்சையோ தடையின்றி வளர்ந்தது. படையின் உருவமே மாறிவிடுவதால் மருத்துவரும் ஏமாறக்கூடும். இப்படி மாறுவேடம் பூண்ட படர்தாமரையைப் பற்றி 1968இலேயே இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதி எச்சரித்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஸ்டீராய்டு கலந்த பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018இல் விதித்தது. ஆயினும் பக்கத்து வீட்டில் மீந்த களிம்பு நம் வீட்டுக்கு வருவதை எந்தச் சட்டம் தடுக்கும்? வழக்கமான மாத்திரைக்கு எளிதில் பணியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020இல் நம் நாட்டின் பெயரைச் சேர்த்தே இண்டோடினியே என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாம் பெருமைப்பட ஏதுமில்லாத பெயர்.

மூன்றாம் நாள் காக்காவின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். காலும் உயிரும் தப்பின, அல்ஹம்து லில்லாஹ். நோய்க்கிருமிக்கு ஊசி, சர்க்கரைக்கு இன்சுலின், பூஞ்சைக்கு மாத்திரை என்று பதினெட்டு நாள் படுக்கையில் இருந்தார். முடக்குவாத மாத்திரைகளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர்களே கலந்து முடிவு செய்தார்கள். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஏனெனில் "அந்த மாத்திரையால்தானே வந்தது, தூக்கி எறியுங்கள்" என்று பார்க்க வந்தவர்களில் சிலர் சொன்னார்கள். நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே உயிருக்கு ஆபத்தாகும். ஒரு பிழையை இன்னொரு பிழையால் திருத்த முடியாது.

நலம் விசாரிக்கச் சென்றவர்கள் எல்லாரும் போன பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன்: "காக்கா, டாக்டரம்மா கேட்டபோது என் பெயரைச் சொல்லியிருக்கலாமே?"

சிரித்தார். "நீங்க கெட்ட எண்ணத்துலயா சொன்னீங்க ஆலிம்சா? எம்மேலயும் தப்பு இருக்கு. ஏன் ஈரம் கூடாதுன்னு அந்த டாக்டருகிட்டயே நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் செய்யுங்க. இனிமே ஒளுவப் பத்திப் பேசறப்ப, இதையும் சேத்துச் சொல்லிருங்க."

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்தி வரும் ஒரு ஹதீஸ் நெஞ்சில் வந்து நின்றது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது; அபூதாவூதில் வருவது. பயணத்தில் ஒருவர் தலையில் கல்பட்டுக் காயமடைந்தார். அவருக்குக் குளிப்பும் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதியுண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதியில்லை என்று அவர்கள் சொன்னார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி பெருமானார் (ஸல்) அவர்களை எட்டியபோது, அவர்கள் அடைந்த வேதனையும் கோபமும் சிறிதன்று. அவரைக் கொன்றவர்கள் அந்தத் தோழர்களே என்னும் பொருள்பட மொழிந்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேள்விதானே மருந்து என்று கடிந்துகொண்டார்கள்.

இந்த ஹதீஸை எத்தனை முறை ஓதிக் கொடுத்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் அந்தத் தோழர்களைப் பார்த்து இரங்கினேனே தவிர, அவர்களுள் ஒருவனாக நான் ஆவேன் என்று நினைத்ததே இல்லை. அவர்களும் தீய நோக்கத்தோடு சொல்லவில்லை. அவர்கள் சொன்ன விதியும் பொய்யில்லை. தண்ணீர் இருந்தால் தயம்மும் இல்லை என்பது பொது விதிதான். விதியை அறிந்திருந்தார்கள், விலக்கை அறியவில்லை. கேட்கவுமில்லை.

விடிந்ததும் கிதாபுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். வெட்கமாயிருந்தது. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளுவின் நீரைத் துடைக்காமல் விடுவது ஸுன்னத் என்று எழுதியிருக்கும் அதே இடத்தில், தக்க காரணம் இருந்தாலன்றி என்ற விலக்கும் எழுதியிருக்கிறது. கடுங்குளிரே காரணமாக ஏற்கப்படுகிறதென்றால் நோய் ஏற்கப்படாதா? ஹனஃபீ மத்ஹபிலோ துடைப்பதில் தடையே இல்லை. காயத்தில் தண்ணீர் பட்டால் தீங்கு என்றால் என்ன செய்வது என்பதற்குத் தனிப்பாடமே உண்டு. நலமான பகுதியைக் கழுவி, காயத்துக்காகத் தயம்மும் செய்யவும், கட்டு இருந்தால் அதன் மேல் ஈரக்கையால் தடவவும் ஷாஃபிஈகள் வழி சொல்கிறார்கள். தடவுவதே போதும் என்று ஹனஃபீகள் எளிதாக்குகிறார்கள். எல்லாவற்றையும்விட என்னைத் தலைகுனிய வைத்தது இது: தண்ணீர் தீங்கு செய்யுமா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது என்ற இடத்தில், நம்பத்தகுந்த மருத்துவரின் சொல்லை நம் சட்டமேதைகள் சான்றாக ஏற்றிருக்கிறார்கள். மருத்துவரின் சொல்லைக் காக்கா என்னிடம் கொண்டுவந்து வைத்தார். அது மார்க்கத்துக்கு எதிரான சொல் என்று நான் எண்ணினேன். மார்க்கமோ அதை எதிர்பார்த்து இடம் ஒதுக்கி வைத்திருந்தது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கால்விரல்களைக் கோதிக் கழுவும் ஸுன்னத்தில் தவறேதும் இல்லை. "கழுவுவது மிக நல்லது, எத்தனையோ நோயாளிகளிடம் விரலிடுக்கைக் கழுவுங்கள் என்று கெஞ்சுகிறேன்" என்றுதான் அந்த மருத்துவரும் சொன்னார். "கழுவியபின் அங்கே ஈரம் தங்கக்கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து முறை தன் பாதத்தைத் தானே பார்க்கிற மனிதருக்கு வேறு யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு கிடைக்கிறதே! புண்ணை முதல் நாளே கண்டுபிடிக்கலாமே!" இந்தக் கோணத்தில் நான் எண்ணியதே இல்லை. ஒளு நோயைத் தரவில்லை. நோயைக் காட்டித் தர நின்றது. பார்க்கத் தெரியாதவன் நான்.

வாசகப் பெருமக்களே! இது ஒரு மோதினாரின் காலோடு முடிகிற செய்தியன்று. நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை நோயாளி இல்லாத வீடு எத்தனை? மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு உண்பவர்கள் எல்லாரும் இந்த வரிசையில் நிற்பவர்களே. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில், ஸ்டீராய்டு பெற்ற சர்க்கரை நோயாளிகளை மியூக்கர் என்னும் பூஞ்சை எப்படிக் குதறியது என்பதை நாடே கண்டது. அது பெரும்பாலும் மூக்கின் வழியே நுழைந்தது. ஆனால் தோலின் காயத்தின் வழியாகவும் நுழையவல்லது. அப்போது காயத்தின் இடம் விரைந்து கறுத்துப்போகும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் வெறுங்காலில் நடந்து முள் குத்தினால், குத்தியதையே மறந்த பிறகு, மாதங்கள் கழித்து அவ்விடத்தில் வலியில்லாத கட்டி ஒன்று எழலாம். மண்ணில் வாழும் கருநிறப் பூஞ்சைகள் அங்கே குடியேறியிருக்கக்கூடும்.

ஆகவே, எதிர்ப்பாற்றல் குன்றியவர் தோலில் புதிதாக எது தோன்றினாலும், அரிப்பில்லை, வலியில்லை என்று விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு அரிப்பும் வலியும் சிவப்பும் குறைவாகவே தெரியும். படை உறங்கும்போது ஆரவாரம் எங்கிருந்து வரும்? கறுக்கும் புண், எழும்பும் கட்டி, கிருமி மருந்துக்கு அடங்காத வீக்கம், உடன் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சீமையகத்தி இலையை அரைத்துப் பூசி நம் பாட்டிமார் படர்தாமரையைப் போக்கினார்கள். வலுவான உடலுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். இவர்களுக்கு அதை நம்பிக் காலம் கடத்தக் கூடாது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பூஞ்சைக்கான சில மாத்திரைகள், சிறுநீரகத்தைக் காக்க அவர்கள் உண்ணும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். எனவே தமக்கு என்னென்ன மருந்து என்ற சீட்டைக் காட்டாமல் அவர்கள் எந்த மாத்திரையும் வாங்கலாகாது.

நம் தாய்மார்களுக்கு ஒரு சொல். உடலின் மடிப்புகளில் ஈரமும் வெப்பமும் தங்குவதால் கேண்டிடா என்னும் வேறொரு பூஞ்சை அங்கே வளர்கிறது. சர்க்கரை நோயுள்ள பெண்களிடம் இது மிகுதி. வெட்கத்தால் மகளிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு. இது அசுத்தத்தின் அடையாளமன்று; பாவத்தின் தண்டனையுமன்று. பெண் மருத்துவரை நாடுங்கள்; அவர் கிடைக்காதபோது தேவையான அளவு ஆண் மருத்துவருக்குக் காட்டவும் மார்க்கம் இடம் தந்திருக்கிறது. வெட்கம் ஈமானில் ஒரு பகுதிதான். ஆனால் உயிரைக் காக்கக் கேள்வி கேட்பதற்கு அது தடையானால், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

அந்தக் கேண்டிடாவுக்கு மருந்து கிடைத்த வரலாறும் சுவையானது. எலிசபெத் ஹேஸன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண்கள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் இருவேறு நகரங்களில் இருந்துகொண்டு, மண் மாதிரிகளையும் சாறுகளையும் அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பி ஆராய்ந்தார்கள். வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மண்ணிலிருந்த நுண்ணுயிரில் நிஸ்டாட்டின் என்னும் மருந்தைக் கண்டு 1950இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் காப்புரிமையால் வந்த பெருஞ்செல்வத்தை ஆராய்ச்சிக்கே அளித்தார்கள். ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தை இறக்கியிருக்கிறான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் மிம்பரில் சொல்கிறோம். மண்ணைக் கிளறித் தேடியவர்களுக்கு அது மண்ணிலேயே கிடைத்தது.

எங்கள் பள்ளியில் பெரிய மாற்றம் எதையும் நாங்கள் செய்துவிடவில்லை. ஹவ்ளுக்கரையில் எல்லாரும் துடைக்கும் ஒரே துண்டு தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்துவிட்டோம். ஒருவர் படையை மற்றவருக்குக் கொடுக்க அதைவிட நல்ல வழி வேண்டியதில்லை. அவரவர் சிறு துண்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்; இல்லாதவர்களுக்குச் சலவைத் துண்டுகள் அடுக்கியிருக்கும். தரையில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரி செய்யப்பட்டது. மத்ரஸாவில் ஒளுப் பாடம் நடத்தும்போது விதியைச் சொன்ன மூச்சிலேயே விலக்கையும் சொல்கிறேன். "ஹஜ்ரத், துடைப்பது ஸுன்னத்துக்கு மாறா?" என்று பிள்ளைகள் கேட்டால், "உனக்குச் சர்க்கரை உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? டாக்டர் என்ன சொன்னார்? இவற்றைக் கேட்காமல் விடை சொல்லக்கூடாது" என்று சொல்லித் தருகிறேன்.

காக்கா மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தார். தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். காலுக்கேற்ற மென்மையான செருப்பு தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒளுச் செய்துவிட்டு ஹவ்ளுக்கரையில் அமர்ந்து, மீதமிருக்கும் விரல்களின் இடுக்குகளை ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியால் ஒற்றி எடுப்பார். பிறகு பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். முதல் நாள் அவர் அப்படிச் செய்தபோது, பக்கத்திலிருந்த ஒருவர், "மோதினாரே, ஒளுத் தண்ணியத் தொடக்கிறீங்களே?" என்றார்.

காக்கா என்னை நோக்கிக் கையைக் காட்டி, "ஆலிம்சாட்டக் கேளுங்க" என்றார்.

கேட்டார்கள். நடந்ததையெல்லாம், என் பிழை உட்பட, அந்த ஹவ்ளுக்கரையிலேயே சொன்னேன். முதன்முறை சொல்லும்போது நா தடுமாறியது. அதன் பிறகு பலமுறை சொல்லிவிட்டேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

அறியாததை அறிந்ததாக எண்ணிப் பேசும் தீங்கிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! நோயுற்றோர்க்கு நிறைந்த ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.